ஏரிக் குழுவுக்கு ஒரு வருடப் பணித் திட்டம் போடுவது எப்படி?

கேள்வி: எங்கள் ஊரில் இருபது பேர் சேர்ந்து ஒரு குழு தொடங்கியிருக்கிறோம். மரம் நடுவது, ஏரியைச் சுத்தம் செய்வது, பறவை பார்ப்பது என்று எல்லாவற்றிலும் ஆர்வம் இருக்கிறது. மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்துக்கொண்டால் போதுமா? வருடத் திட்டத்தை எப்படிப் போடுவது?

நாள்காட்டியில் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு வட்டம் போடுவதற்கு முன்னால், உங்கள் ஊருக்கு மழை எப்போது வருகிறது என்று பாருங்கள். திட்டம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். நான் செங்கல்பட்டு மாவட்டத்தில் ஓர் ஏரிக் குழுவோடு சில வருடங்களாக வேலை செய்கிறேன். அதனால் நான் சொல்வது வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் சமவெளி, கடலோர ஊர்களுக்குத்தான் முழுதாகப் பொருந்தும். நீலகிரி, வால்பாறை, கன்னியாகுமரிப் பக்கம் என்றால் மாதங்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். ஜூன் 5 அன்று மரம் நடாதீர்கள். உலகச் சுற்றுச்சூழல் தினம் 1973 முதல் கொண்டாடப்படுகிறது, நல்ல நாள், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் பக்கம் அது கத்திரி வெயில் முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும் நேரம். மண் கட்டாந்தரையாக இருக்கும். வருட மழையில் பாதிக்கும் மேல் எங்களுக்கு அக்டோபர் முதல் டிசம்பருக்குள்தான் கிடைக்கிறது. ஜூனில் நட்ட கன்று அந்த மழையைப் பார்க்க நாலு மாதத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். புகைப்படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. உங்களுக்கு அப்படி இருக்கக் கூடாது. அன்றைக்கு ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்றால் விதை சேகரியுங்கள். ஜூன், ஜூலையில் வேம்பும் நாவலும் இலுப்பையும் பழுத்து உதிர்கின்றன. இவற்றின் விதைகளுக்கு முளைக்கும் திறன் சீக்கிரம் போய்விடும். டப்பாவில் போட்டு வைத்துப் பிறகு பார்க்கலாம் என்பது நடக்காது, அந்த வாரமே பையில் மண் நிரப்பி ஊன்றிவிட வேண்டும். பிள்ளைகளை வைத்துச் செய்ய இதைவிட நல்ல வேலை கிடையாது.

அடுத்த கேள்வி, எத்தனை கன்று நடுவது. எல்லாக் குழுவும் இங்கேதான் ஆசைப்படுகிறது. ஐநூறு, ஆயிரம் என்று பேசுவார்கள். கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். மே மாதத்தில் வாரம் ஒருமுறையாவது ஒரு கன்றுக்குப் பத்து லிட்டர் தண்ணீர் வேண்டும். நூறு கன்று என்றால் வாரத்துக்கு ஆயிரம் லிட்டர். ஐநூறு என்றால் ஐயாயிரம், அதாவது ஏறக்குறைய ஒரு டிராக்டர் டேங்கர். அது யார் தண்ணீர்? யார் டிராக்டர்? டீசல் காசு யார் தருவது? அடுத்த கோடையிலும் இது தொடருமா? ஒரு கன்றுக்கு இரண்டு கோடையாவது துணை வேண்டும். இந்தக் கேள்விகளுக்குப் பெயர் சொல்லிப் பதில் வரும் அளவுக்கு மட்டும் நடுங்கள். இருபது பேர் உள்ள குழுவுக்கு முதல் வருடம் நூறு கன்றே தாராளம் என்பது என் கருத்து. நடவுக்கு இரண்டு நாள் ஒதுக்கினால் போதும். தண்ணீர் ஊற்றவும் களை எடுக்கவும் வேலியைச் சரிசெய்யவும் மாசி முதல் ஆவணி வரை வாரா வாரம் ஆள் வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டமாக நடக்காது. ஐந்து ஐந்து பேராகப் பிரித்து முறை போட்டால்தான் நடக்கும்.

இனி அனுமதி. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்று தெரியாமல் மண்வெட்டியை எடுக்காதீர்கள். பொதுவாக நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு (ஏரி நீரில் பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத்துறையிடம் இருக்கும், அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியத்திடம். காப்புக்காட்டை ஒட்டியிருந்தால் வனச்சரகரைப் பார்க்க வேண்டும். கிராம சபை கூடும் நாட்களை உங்கள் திட்டத்தில் முதலில் எழுதிவிடுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருடத் திட்டத்தை ஆகஸ்ட் 15 சபையில் வைத்து ஒரு தீர்மானம் வாங்கிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. பிறகு யாராவது வந்து ‘யாரைக் கேட்டுச் செய்யறீங்க’ என்றால் காட்டுவதற்குத் தாள் இருக்கும்.

தாள் மட்டும் போதாது. ஏரியில் ஏற்கெனவே பலருக்குப் பாத்தியதை உண்டு. ஆயக்கட்டு விவசாயிகள், மீன் ஏலம் எடுத்தவர், ஆடு மாடு மேய்ப்பவர்கள், கோரை அறுப்பவர்கள். இவர்களில் மேய்ப்பவர்களிடம்தான் முதலில் போய்ப் பேச வேண்டும். நீங்கள் ஏரிக்கு வாரம் ஒருநாள் போகிறீர்கள், அவர்கள் தினமும் அங்கேயே இருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஆடு மேய்க்கும் ஒரு பெரியம்மாவிடம் கேட்டுத்தான் நடும் இடத்தையே முடிவு செய்தோம். “அந்த மேட்டுப் பக்கம் நடுங்கப்பா, மழைக்கு அங்கதான் தண்ணி நிக்காது. ஆட்ட நான் இந்தப் பக்கமா ஓட்டிக்கறேன்” என்றார். அந்தக் கன்றுகள்தான் இன்றைக்கு நிழல் தருகின்றன. இரும்பு வலை வாங்கக் காசு சேர்ப்பதைவிட இந்தப் பேச்சுக்கு ஒரு காலைப் பொழுதை ஒதுக்குவது மேல்.

எங்கள் வருடம் ஆடியில் தொடங்குகிறது. ஆடி, ஆவணியில் பனம்பழம் விழ ஆரம்பிக்கும். விதை பொறுக்குவதும் ஊன்றுவதும் புரட்டாசிக்குள் முடிந்துவிட வேண்டும். ஓரடிக் குழி, விதைக்கு விதை பத்தடி இடைவெளி, அவ்வளவுதான். தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஆடும் எளிதில் கடிக்காது. அதனால் ஆள் குறைவாக உள்ள புதுக் குழுவுக்கு நான் முதலில் சொல்வது பனைதான். கரையின் வெளிப்புற அடிவாரத்தை ஒட்டி, பாதைக்கு இடைஞ்சல் இல்லாமல், துறையைக் கேட்டு ஊன்றுங்கள்.

அதே மாதங்களில் வரத்துக் கால்வாயை நடந்து பாருங்கள். ஏரியைச் சுத்தம் செய்கிறோம் என்று கரையில் பிளாஸ்டிக் பொறுக்கும் பலர் இந்தக் கால்வாயைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தண்ணீர் வருவதே அதன் வழியாகத்தான். எங்கே குப்பை கொட்டி அடைத்திருக்கிறது, எங்கே கல்வெர்ட்டில் மண் மேவியிருக்கிறது, எங்கே யாரோ தடுத்து வைத்திருக்கிறார்கள் என்று போனில் படமும் இடக்குறிப்பும் எடுங்கள். கையால் அள்ளக்கூடியதை அள்ளுங்கள். இயந்திரம் வேண்டியதற்கு மனு எழுதுங்கள், அதுவும் செப்டம்பருக்குள். கலிங்கும் (மிகுதி நீர் வழியும் இடம்) மதகும் (பாசனத்துக்கு நீர் திறக்கும் இடம்) எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் அந்த மனுவிலேயே சேர்த்துவிடலாம்.

செப்டம்பர் மூன்றாம் சனிக்கிழமை உலகம் முழுக்கக் கடற்கரைத் தூய்மை நாள். கடலோர ஊர் என்றால் அன்றைக்குக் கல்லூரிப் பிள்ளைகள் நிறையப் பேர் வருவார்கள், புது ஆட்களைச் சேர்க்க நல்ல வாய்ப்பு.

நடவுக்குக் குழியைப் புரட்டாசியில் வெட்டி ஆற விடுங்கள். பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரத்தில் தொடங்கும். இரண்டு நல்ல மழை பெய்து மண் உள்ளே வரை நனைந்த பிறகு வரும் முதல் விடுமுறை நாளில் நடுங்கள். தேதியை முன்கூட்டியே அறிவிக்காமல் ‘ஐப்பசியில் இரண்டு நாள், மூன்று நாளுக்கு முன்னால் தகவல் வரும்’ என்று சொல்லி வைத்தால் போதும். நீர்மருது, புங்கன், நாவல், பூவரசு, இலுப்பை எல்லாம் ஏரி ஓரத்துக்கு ஏற்றவை. ஏரியின் உள்ளே, நீர் நிற்கும் இடத்தில் மரம் நட்டுக் காடாக்குகிறோம் என்று யாராவது வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெறும் தரையாகத் தெரியும் அந்தச் சேற்றுத் திட்டில்தான் உள்ளான், ஆட்காட்டி போன்ற பறவைகள் இரை தேடுகின்றன.

கார்த்திகை, மார்கழியில் ஈரம் இருக்கும்போது சீமைக் கருவேலம் பிடுங்குங்கள். முழங்கால் உயரச் செடி இந்த மாதங்களில் வேரோடு கையில் வந்துவிடும், கோடையில் கடப்பாரை போட்டாலும் வராது. பெரிய மரத்தை வெட்டி மட்டும் விட்டால் அடியிலிருந்து முன்னைவிடப் புதராகத் துளிர்க்கும், வேரைத் தோண்டி எடுத்தாக வேண்டும். அதற்கு ஏலம், மதிப்பீடு என்று அரசு நடைமுறை இருக்கிறது, குழு தனியாக இறங்கக் கூடாது. வெட்டிய கிளை கிடைத்தால் காய் இல்லாததாகப் பார்த்துக் கன்றுகளுக்கு முள்வேலியாகக் கட்டுங்கள். காயோடு கொண்டுவந்தால் நீங்களே விதைத்த மாதிரி ஆகிவிடும்.

புதிதாக வருபவர்களுக்கு நாட்டுக் கருவேலத்தையும் சீமைக் கருவேலத்தையும் பிரித்துக் காட்டாமல் வேலையைத் தொடங்காதீர்கள். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் பந்து போல உருண்டையாக இருக்கும், காய் மணி கோத்த மாலை மாதிரி இடையிடையே ஒடுங்கியிருக்கும், முள் வெள்ளையாக நீண்டிருக்கும். சீமைக் கருவேலத்தின் பூ நீளக் கதிராகத் தொங்கும், காய் ஒடுக்கம் இல்லாமல் நீண்டிருக்கும். நாட்டுக் கருவேலம் நம் ஏரிகளில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் கூடு கட்டும் மரம். அதில் ஒன்றுகூடப் போகக் கூடாது.

ஆகாயத் தாமரை, நெய்வேலிக் காட்டாமணக்கு என்ற இரண்டு களைகளையும் அகற்றும் வேலையை நீர் வற்றும் மாதங்களுக்குத் தள்ளி வையுங்கள். காட்டாமணக்கின் ஒரு துண்டுத் தண்டு ஈரத்தில் கிடந்தாலே வேர் விடும். வெட்டியதைக் கரையிலேயே போட்டுவிட்டு வந்தால் அடுத்த மழை திரும்ப உள்ளே இழுத்துப் போகும். வண்டி ஏற்பாடு இல்லாத நாளில் அந்த வேலையே வேண்டாம். தாழைக்கோழி, இலைக்கோழி போன்ற நீர்ப்பறவைகள் நீர்த் தாவரங்களுக்கு நடுவில்தான் கூடு வைக்கின்றன, எனவே ஏரியை மொட்டையாக வழித்துவிடவும் கூடாது. கோடையில் வறண்ட ஏரித் தரையில் இறங்கும்போது காலடியைப் பார்த்து நடங்கள். ஆட்காட்டி வெறும் தரையில் முட்டையிடும், கூழாங்கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது.

தை மாதம் மண்வெட்டிக்கு ஓய்வு. பொங்கல் விடுமுறை நாட்களில் 2015 முதல் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. உங்கள் ஏரிக்கரையில் குறைந்தது பதினைந்து நிமிடம் நின்று பார்த்த பறவைகளை எண்ணிக்கையோடு ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு வந்திருக்கும் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம். அதே ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பும் உண்டு, பிப்ரவரியில் பதினைந்து நிமிடக் கணக்கெடுப்பு இன்னொன்று. வனத்துறை மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் நடத்தும் கணக்கெடுப்புக்கும் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள். வருடா வருடம் எண்ணி வைத்தால் உங்கள் ஏரிக்குக் கையில் ஆவணம் இருக்கும். நாளைக்கு அங்கே குப்பைக் கிடங்கு வருகிறது என்றால் பேசப்போவது அந்தப் பட்டியல்தான். பள்ளிக்கரணை, கரிக்கிலி, வேடந்தாங்கல் போன்றவை 2022-ல் ராம்சார் என்ற உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்ததற்குப் பின்னால் பல வருடப் பறவைப் பதிவுகள் இருக்கின்றன.

சென்னைக் கடற்கரைக்குப் போய்வர முடிந்தால், ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் இரவு பங்குனி ஆமை நடைக்கு (முட்டையிட வரும் கடலாமைகளைத் தேடி இரவில் கரையோரம் நடப்பது) குழுவாகப் போய் வாருங்கள். மாணவர்கள் 1988 முதல் நடத்திவரும் வேலை அது. ஒரு கூட்டில் நூறுக்கும் மேல்கூட இருக்கும் முட்டைகளை இரவோடு இரவாகப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்து, நாற்பத்தைந்து நாளுக்குப் பிறகு குஞ்சுகள் வெளிவரும்வரை காவல் இருக்கிறார்கள். ஓர் அமைப்பு இத்தனை வருடம் எப்படித் தொடர்கிறது என்பதை அங்கே நேரில் பார்க்கலாம்: ஒவ்வொரு இரவுக்கும் பொறுப்பானவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்கும்.

பாதுகாப்பு விஷயத்தில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். கம்பூட், தடித்த கையுறை இல்லாமல் புதருக்குள்ளோ சேற்றுக்குள்ளோ யாரையும் விடாதீர்கள், எல்லா ஏரியிலும் உடைந்த மது பாட்டில் கிடக்கிறது. காலில் புண் உள்ளவர் தேங்கிய நீரில் இறங்கக் கூடாது, எலிக்காய்ச்சல் வரும். மழைக்குப் பிறகு கண்ணாடி விரியன் இருக்கும் என்று எண்ணியே நடங்கள். பாம்புக் கடிக்கு மருந்து உள்ள அரசு மருத்துவமனை எது என்பதைப் பணி நாள் அறிவிப்பிலேயே போடுங்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்துவிடுங்கள்.

வயதானவர்களையும் சிறு குழந்தை உள்ள பெண்களையும் ‘கனமான வேலை, நீங்கள் வேண்டாம்’ என்று ஒதுக்காதீர்கள். நாற்றுப் பை நிரப்புவது, கன்றுக்கு எண் கட்டிக் குறிப்பு எழுதுவது, சமையல் கணக்கு, கிராம சபை மனு என்று உட்கார்ந்து செய்யும் வேலை நிறைய இருக்கிறது. எங்கள் குழுவில் கன்றுப் பதிவேட்டை எழுதுபவர் ஓய்வுபெற்ற ஒரு தலைமையாசிரியை. எந்தக் கன்றுக்கு எந்த வாரம் தண்ணீர் விட்டுப்போனது என்று அவரிடம் கேட்டால் உடனே சொல்வார். அவர் போன் வந்தால் முறை போட்டவர்கள் குடத்தை எடுத்துவிடுவார்கள்.

இப்போதைக்கு ஒரு கூட்டம் போடுங்கள். கன்று எங்கே வாங்கலாம் என்று பேசுவதற்கு முன்னால் மாசி முதல் ஆவணி வரையான தண்ணீர் முறைப் பட்டியலில் பெயர்களை நிரப்புங்கள். எத்தனை கட்டங்கள் காலியாக இருக்கின்றன என்று பார்த்துவிட்டு நாற்றுப் பண்ணைக்குப் போங்கள்.