அச்சுக்குப் பணம் கட்டுவதற்கு முன்

பட்டர்வொர்த் வாசகர் ஒருவர் கேட்கிறார்: மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் கருவி செய்திருக்கிறேன். வீட்டு மேசையில் நன்றாக ஓடுகிறது, தொட்டியில் வைத்தால் அளவு தாறுமாறாக வருகிறது. ஏஜென்ட் ஒருவர், பிளாஸ்டிக் பெட்டிக்கு அச்சு போட்டு 500 சர்க்யூட் போர்டு எடுத்துவிடுங்கள், கோளாறை சாப்ட்வேரில் சரிசெய்துகொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?

செய்யாதீர்கள். அச்சு எஃகில் வெட்டுவது. சென்சார் துளையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்றால்கூட மறுபடி செலவு. ஏஜென்டுக்கு என்ன, ஆர்டர் போன அன்றே அவர் கமிஷன் வந்துவிடும், கருவி அளக்கிறதா இல்லையா என்பது உங்கள் தலைவலி.

சுற்றுச் சுற்றாகச் செய்து பாருங்கள். ஒரு சுற்றுக்கு ஒரே கேள்வி, அதுவும் பதில் தப்பாக வந்தால் மொத்தத் திட்டமும் கவிழ்ந்துவிடும் கேள்வி முதலில். அமெரிக்க சாப்ட்வேர் நிபுணர் பேரி போயம் 1980களில் சொன்ன சுழல் முறையின் சாரம் இதுதான். உங்களுக்கு அந்தக் கேள்வி சென்சார். கோலாலம்பூர் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கும், ஒலியை அனுப்பி எதிரொலி வரும் நேரத்தை வைத்துத் தூரம் அளக்கும், இரண்டு கண் வைத்த அல்ட்ராசோனிக் சென்சார் என்றால், மூடிய தொட்டியின் ஆவி அதில் நீர்த்துளியாகப் படிந்துவிடும். நீர் புகாத வகைக்கு வேறு குணம்: ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்குள் இருப்பதை அதனால் சரியாக அளக்க முடியாது, தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்துவிடும். வெயிலைக் குறை சொல்லாதீர்கள். வெப்பத்தால் ஒலியின் வேகம் மாறும்தான், ஆனால் 15 டிகிரி கூடினாலும் ஒரு மீட்டருக்கு மூன்று சென்டிமீட்டர்கூடப் பிசகாது.

முதலில் நீர் புகாத சென்சாரை மட்டும், நிரம்பிய தண்ணீர் அந்த எல்லைக்குள் வராதபடி உயர்த்தி வைத்து, தொட்டி நிரம்பி வடிவதை ஒரு வாரம் பதிவு செய்யுங்கள். அப்புறம் ஆப். பெட்டி கடைசியில், அதுவரை திரீ-டி பிரிண்டரில் அடித்தது போதும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

இதில் ஒன்று மட்டும் விலக்கு, வயர்லெஸ் பகுதி. மலேசியாவில் விற்பனைக்குப் போகும் வயர்லெஸ் கருவிக்கு, தரத்தைச் சோதித்துச் சான்று தரும் சிரிம் அமைப்பின் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் வாங்கிய பிறகு, விலை குறைவு என்று வேறு வைஃபை மாட்யூலோ ஆன்டெனாவோ போட்டால், அது சான்றிதழ் வாங்கிய கருவி இல்லை. அதனால் வயர்லெஸ் மாட்யூலை ஆரம்பத்திலேயே முடிவு செய்து, எந்தச் சுற்றிலும் தொடாமல் வையுங்கள். சென்சாரை மாற்றுங்கள், பேட்டரியை மாற்றுங்கள், அதை மட்டும் வேண்டாம். ஆன்டெனாவை ஒட்டி உலோகத் திருகும் வைக்காதீர்கள், சிக்னல் கெடும்.

மானியத்துக்கு விண்ணப்பித்தால் எந்த மாதத்தில் எது முடியும் என்று முன்கூட்டியே அட்டவணை கேட்பார்கள். சோதித்துப் பார்ப்பதற்குத்தானே காசு கேட்கிறோம், முடிவு இப்போதே தெரிந்தால் எதற்கு மானியம்! சரி, கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அட்டவணையில் 'அச்சு தயார்' என்று எழுதாமல் 'சென்சார் சோதனை முடிவு' என்று எழுதுங்கள். படிவம் நிரப்பித் தருகிறேன், மானியத்தில் பங்கு கொடுங்கள் என்று வருபவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

ஏஜென்ட் விடவில்லை என்றால், 500 போர்டில் வேலை செய்யாததை யார் திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.