பொட்டாஷ் போட்டும் நெல் நுனி காய்வது ஏன்?

கேள்வி: வேதாரண்யம் பக்கம் இரண்டு ஏக்கர். ஆந்திரா பொன்னி நட்டு 25 நாள் ஆகிறது. அடி இலைகளின் நுனி வெளுத்துக் காய்கிறது, வரப்போரம் உப்புப் பூத்திருக்கிறது. உரக்கடையில் பொட்டாஷ் பற்றாக்குறை என்றார்கள். ஏக்கருக்கு ஒரு மூட்டை போட்டும் பலனில்லை. பக்கத்து வயலில் குழியடிச்சான் என்ற நாட்டு நெல் பச்சையாக நிற்கிறது. ஒரே மண்தானே ஐயா? இன்னொரு மூட்டை போடலாமா? ஜிப்சமும் போடச் சொல்கிறார்கள்.

பதில்: இன்னொரு மூட்டை வேண்டாம். மண்ணில் பொட்டாஷ் இருக்கிறதா என்பதைவிட, அது வேருக்குள் போய் நிற்கிறதா என்பதைத்தான் இங்கே பார்க்க வேண்டும்.

வேர்ச் செல்லைச் சுற்றி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கிறது. கரைந்த உப்பு அதைத் தானாகத் தாண்டாது; சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள்தான் வாசல். சில புரதங்கள் மதகு மாதிரி, திறந்தால் சரிவு பார்த்து ஓடும். சில மோட்டார் மாதிரி, செல்லின் சக்தியைச் செலவழித்து இறைக்கும். பொட்டாஷ் உரத்தின் சத்தான பொட்டாசியத்துக்குத் தனி வாசல் உண்டு. உப்பில் இருக்கும் சோடியம் அதைவிடச் சிறியது, ஆனாலும் அதில் நுழைய முடியாது! உள்ளே போக மேலே ஒட்டிய தண்ணீரை உதற வேண்டும். உட்சுவரோ பொட்டாசியத்தின் அளவுக்கே செதுக்கியது, சோடியத்துக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை.

ஆனால் இவ்வளவு கறாராக ஆள் பார்க்காத வாசல்களும் வேரில் உண்டு. சோடியம் அவற்றின் வழியாகவும், செல்களுக்கு இடையே உள்ள சந்து வழியாகவும் ஏறுகிறது. அது நுழைய நுழையச் சவ்வின் மின்னழுத்தம் குலைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசியும். நீங்கள் போட்ட மூட்டை எடுபடாததற்கு இது முக்கியக் காரணம். மேலே ஏறிய உப்பு இலையில் தங்கிவிடும். அதிக நாள் சேர்த்த அடி இலைதான் முதலில் காயும்.

பக்கத்து வயல் விஷயத்துக்கு வருவோம். மேற்கு வங்கத்தின் நோனா போக்ரா என்ற நெல்லில் ஒரு புரதத்தை 2005-இல் கண்டுபிடித்தார்கள். சாறு மேலே போகும் குழாயை ஒட்டிய செல்களில் அது உட்கார்ந்துகொண்டு, சாற்றிலிருந்து சோடியத்தைத் திரும்ப உறிஞ்சிவிடும். உப்பு இலைக்குப் போவது குறையும். வேறு சில புரதங்கள் சோடியத்தை வெளியே தள்ளும், அல்லது செல்லுக்குள்ளேயே ஒரு பையில் பூட்டிவைக்கும். இந்தக் காவல் ரகத்துக்கு ரகம் மாறும். ஒரே மண்ணில் இரண்டு வயல் இரண்டு விதமாக நிற்பது அதனால்தான்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. நல்ல தண்ணீர் கிடைத்தால் கட்டி, வடித்து, மறுபடி கட்டுங்கள். வயலைக் காயவிட்டால் உப்பு மேலே வந்துவிடும். வடிகால் இல்லாமல் நாள்கணக்கில் தேங்கவும் விடாதீர்கள்; காற்று குறைந்தால் வேருக்குச் சக்தி குறையும், இறைக்கும் மோட்டார்கள் படுத்துவிடும். சல்பேட் ஆஃப் பொட்டாஷை 100 லிட்டருக்கு ஒரு கிலோ கரைத்து இலைவழி தெளியுங்கள். கடையில் வழக்கமாகத் தரும் பொட்டாஷ் உரமான மியூரியேட்டில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகக் குளோரைடுதான். உவர் நிலத்தில் அதைக் கொட்டுவது உப்போடு உப்பு சேர்ப்பதுதான்.

மண் பரிசோதனை பார்க்காமல் ஜிப்சத்தை யார் பேச்சைக் கேட்டும் வாங்க வேண்டாம். அது களர் நிலத்துக்கு மருந்து. அதாவது கார அமில நிலை 8.5-க்கு மேல் போய், மண்ணில் சோடியம் ஒட்டிக்கொண்ட நிலம். அங்கே ஜிப்சத்தின் சுண்ணாம்புச் சத்து சோடியத்தை இடம்பெயர்க்கும். வெறும் உவர் என்றால், அதாவது மின் கடத்தும் திறன் 4-க்கு மேல், கார அமில நிலை 8.5-க்குக் கீழ் என்றால், நல்ல தண்ணீரும் வடிகாலும்தான் வேலை செய்யும்.

அடுத்த பட்டத்துக்கு திருச்சி 3 அல்லது குழியடிச்சானையே வையுங்கள். 30 நாள் தாண்டிய நாற்றாக, குத்துக்கு மூன்று நான்காக நடுங்கள்; இளநாற்றுதான் உப்புக்கு முதலில் சாகும். அறுவடை முடிந்ததும் மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். வரப்போரத்து வெள்ளை மண்ணை மட்டும் அள்ளிப் போகாதீர்கள். வயலில் பத்து இடத்தில் எடுத்துக் கலந்து அரைக் கிலோ, கூடவே போர்த் தண்ணீர் ஒரு பாட்டில்.