நானோகுழாய் ட்ரே: மீட்டரில் ஒன்றும் காட்டவில்லை, ஏமாந்துவிட்டேனா?

கேள்வி: செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போர்டுகளை வைக்க ட்ரே அச்சடிக்கலாம் என்று 3டி பிரிண்டருக்கான ஃபிலமென்ட் ரோல் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். 'கார்பன் நானோகுழாய் கலந்தது, மின்சாரம் கடத்தும்' என்று போட்டிருந்தது. சாதாரண ரோலைவிட மூன்று மடங்கு விலை. அச்சடித்த ட்ரேயில் மல்டிமீட்டர் வைத்தால் 'ஓ.எல்.' (அளக்கும் எல்லையைத் தாண்டிவிட்டது) என்றே வருகிறது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். ரோல் நல்லதாகவே இருக்கலாம். கார்பனால் ஆன மிக நுண்ணிய குழாய்கள் கலந்த இந்த வகை பிளாஸ்டிக், ஒயர் மாதிரி கடத்துவதற்கு இல்லை. உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரம் ஒரே பாய்ச்சலில் போர்டிலுள்ள ஐ.சி. சில்லைத் தாக்காமல் மெள்ள வடிய வேண்டும், அதற்குத்தான். கையில் மாட்டும் எர்த் பட்டையில் வேண்டுமென்றே 1 மெகாஓம் ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள் அல்லவா, அதைப்போல இங்கேயும் தடை வேண்டும்.

இத்தகைய ஃபிலமென்ட்டில் அச்சடித்த பொருளின் மேற்பரப்புத் தடை பெரும்பாலும் 1 கோடி முதல் 100 கோடி ஓம் வரை இருக்கும். சாதாரண மல்டிமீட்டரோ 2 கோடி ஓமோடு நின்றுவிடும். ஊசிமுனை ப்ரோப் மேற்பரப்பில் சரியாகத் தொடுவதும் இல்லை.

எலக்ட்ரீஷியன் யாரிடமாவது 2000 மெகாஓம் வரை காட்டும் இன்சுலேஷன் டெஸ்டர் இருக்கும். இரண்டு அலுமினியத் தாள் பட்டைகளை ட்ரேமேல் அழுத்தி வைத்து, இருப்பதில் குறைந்த வோல்ட்டில் அளக்கச் சொல்லுங்கள். ட்ரே காலியாக இருக்கட்டும், போர்டு எதுவும் அதில் இருக்கக் கூடாது. பக்கத்திலேயே ஒரு சாதாரண பிளாஸ்டிக் டப்பாவையும் அளந்து பாருங்கள். டப்பாவில் டெஸ்டரின் எல்லையைத் தாண்டிப் போய், ட்ரேயில் ஓர் எண் வந்தால் நானோகுழாய் வேலை செய்கிறது என்று பொருள்.

இரண்டுமே தாண்டினால், ரோலில் குறித்துள்ள வெப்ப வரம்புக்குள் பிரிண்டரில் பிளாஸ்டிக் உருகி வரும் முனையான நாசிலின் சூட்டைக் கூட்டி இன்னொரு துண்டு அச்சடியுங்கள். சூடு கூடினால் பெரும்பாலும் தடை குறையும். அப்போதும் மாற்றமில்லை என்றால் விற்றவரிடம் ஓம் அளவு போட்ட தொழில்நுட்பத் தாளைக் கேளுங்கள். எண் இல்லாமல் 'கடத்தும்' என்று மட்டும் எழுதி விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. தாளில் உள்ளதோடு பொருந்தவில்லை என்றால் தாராளமாகப் பணத்தைக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

விலை ஏன் மூன்று மடங்கு? நானோகுழாய்க்குப் பதிலாகக் கலக்கக்கூடிய கார்பன் கரித்தூள் கடுகு மாதிரி. துகளோடு துகள் தொட்டால்தான் மின்சாரம் போகும் என்பதால் 15, 20 சதவீதம்கூடக் கொட்ட வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் நொறுங்கும், போர்டில் கரி ஒட்டும். நானோகுழாய் சேமியா மாதிரி. அகலத்தைவிட நீளம் நூறு மடங்குக்கும் மேல். சில சதவீதத்திலேயே ஒன்றோடொன்று பின்னிப் பாதை போட்டுவிடும்.

அப்புறம், ட்ரேயை எர்த் செய்த மேட் (மேசை விரிப்பு) மேல்தான் வைக்க வேண்டும், இல்லையென்றால் மின்சாரம் வடிய வழியே இருக்காது. ஓரங்களை உலர்வாக ராவாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. தண்ணீர் தொட்டுத் தேயுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள்.