சுகர் இருக்கிற பூனைக்குப் பல் ஆபரேஷன்: கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

நான் டாக்டர் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன். எங்க வீட்டு கருப்பாயிக்கு 12 வயசு, 4 வருஷமா காலையும் ராத்திரியும் இன்சுலின் ஊசி, நடுவுல ரெண்டு தடவை மயக்கம் குடுத்து பல் எடுத்தாச்சு. முதல் தடவை நான் பண்ணாத தப்பே இல்ல, அதனாலதான் இவ்ளோ வாய் பேசறேன். உங்க டாக்டர் வேற மாதிரி சொன்னா அவர் சொல்றதைக் கேளுங்க.

கேள்வி: அக்கா, எங்க குண்டுக்கு 11 வயசு. சுகர் 400க்குக் கீழ எறங்கவே மாட்டேங்குது. வாய் கப்புன்னு நாறுது, பல் எடுக்கணுங்கிறாங்க. சுகர் கன்ட்ரோலுக்கு வந்தப்புறம் பண்ணிக்கலாமா?

பதில்: எல்லாரும் மாட்டிக்கிற எடம் இதுதாம்மா. வாய்க்குள்ள சீழும் ஈறு வீக்கமும் இருக்கிற வரைக்கும் உடம்பு இன்சுலினுக்கு ஒழுங்கா கட்டுப்படாது, நீங்க யூனிட்டை ஏத்திக்கிட்டே போவீங்க, அது கீழயே வராது, சுகர் ஏற ஏற வாய்ல இன்ஃபெக்ஷனும் ஆறாது, அப்படியே ஒண்ணை ஒண்ணு புடிச்சிக்கிட்டு சுத்தும். அதனால நார்மல் ஆகட்டும்னு காத்திருந்தா அந்த நாள் வராமலே போகலாம். ஆனா யூரின்ல கீட்டோன் (இன்சுலின் பத்தாம உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேர்ற அமிலம்) இருக்கு, சாப்பாட்டைத் தொடவே இல்ல, வாந்தி எடுக்குதுன்னா அது வேற கதை, அதை முதல்ல சரி பண்ணிட்டுதான் மயக்க மருந்து. ரத்த டெஸ்ட்ல கிட்னி எப்படி இருக்குன்னு பாத்துடுங்க, வயசான பூனைன்னா தைராய்டு, பிபி, ஹார்ட்டும். பல்லுக்கு எக்ஸ்ரே எடுக்கிற எடமா பாருங்க, பூனைக்குப் பல் உள்ளுக்குள்ளயே கரையிற வியாதி ரொம்ப சகஜம், வெளிய பாத்தா பாதிதான் தெரியும்.

கேள்வி: ஆபரேஷன் அன்னைக்கு ராத்திரியிலிருந்தே பட்டினி போடணுமா? ஊசி போடலாமா கூடாதா?

பதில்: முன்னல்லாம் 12 மணி நேரம் பட்டினின்னு சொல்வாங்க. இப்ப சுகர் இருக்கிற பூனைக்கு அவ்ளோ நேரம் வேண்டாம், 2லேர்ந்து 4 மணி நேரம் முன்னாடி கொஞ்சமா ஈரச் சாப்பாடு குடுக்கலாம்னு சொல்ற டாக்டருங்க இருக்காங்க. ஊசி பெரும்பாலும் பாதி டோஸ். ஆனா பாதியா, காலா, வேண்டவே வேண்டாமாங்கிறது அன்னைக்குக் காலைல மீட்டர்ல என்ன நம்பர் வருதோ அதைப் பொறுத்தது, அதனால "எவ்ளோ இருந்தா எவ்ளோ போடணும்"னு முந்தின நாளே டாக்டர்கிட்ட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிக்கோங்க. காலைல முதல் கேஸா வைக்கச் சொல்லுங்க, கெஞ்சியாவது வாங்குங்க. அப்பத்தான் சாயந்திரத்துக்குள்ள வீட்டுக்கு வந்து சாப்பிட்டு அடுத்த வேளை ஊசிக்கு சரியா இருக்கும். மயக்கத்துல இருக்கும்போது அரை மணிக்கு ஒரு தடவை சுகர் பாப்பீங்களான்னு கூச்சப்படாம கேளுங்க. மயக்கத்துல கெடக்கிற பூனைக்கு சுகர் எறங்கினா தள்ளாடியோ கத்தியோ காட்டாது, மீட்டர் மட்டும்தான் சொல்லும்.

கேள்வி: வீட்டுல 210, ஆஸ்பத்திரில 380. எதை நம்பறது?

பதில்: ரெண்டும் உண்மையா இருக்கலாம். கூடையில அடைச்சு ஆட்டோல ஏத்தி, பக்கத்துல நாய் குரைக்கிற எடத்துல ஒக்கார வச்சா பயத்துலயே பூனைக்கு சுகர் எகிறும். மனுஷங்க மீட்டர் பூனை ரத்தத்துக்குக் கொஞ்சம் கம்மியாவும் காட்டும். அதனால ஒரே மீட்டரை வச்சுக்கிட்டு வீட்டுல காது ஓரத்துல குத்திப் பாத்து நோட்டுல எழுதுங்க, அந்த நோட்டைத்தான் டாக்டர்கிட்ட காட்டணும்.

கேள்வி: மெடிக்கல்ல சிவப்பு மூடி சிரிஞ்ச் இல்லன்னு ஆரஞ்சு மூடி குடுத்தாங்க. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஐயோ இல்லவே இல்ல! நம்ம ஊர்ல சிவப்பு மூடி 40 யூனிட் இன்சுலினுக்கு, ஆரஞ்சு 100 யூனிட் இன்சுலினுக்கு. பூனைக்குப் போடற இன்சுலின்ல கிளார்ஜின் பெரும்பாலும் 100, கேனின்சுலின் 40, புட்டிலயே போட்டிருக்கும் பாருங்க. கிளார்ஜினை சிவப்பு மூடில 1 யூனிட்னு இழுத்தீங்கன்னா உள்ள போறது ரெண்டரை யூனிட். 4 கிலோ பூனைக்கு அது உயிர் போற விஷயம். மாத்தி, கேனின்சுலினை ஆரஞ்சு மூடில இழுத்தா டோஸ் பத்தாம போயிடும். ஆபரேஷன் சமயத்துல வீட்டுல வேற ஆள் ஊசி போட வேண்டி வரும், அதனால புட்டியையும் சரியான சிரிஞ்சையும் ஒரே டப்பால வச்சு, வேற கலர் எதுவும் வீட்டுலயே இல்லாம பண்ணிடுங்க.

கேள்வி: பல் எடுத்து ரெண்டாவது நாள், வலில முனகுது, மூஞ்சியத் தேய்க்குது. டோலோ கால் மாத்திரை குடுக்கலாமா?

பதில்: கூடாது. டோலோ, குரோசின் எல்லாம் பாரசிட்டமால், பூனைக்கு வெஷம், கொஞ்சம் போனாலும் ரத்தம் ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாம போயிடும். உடனே டாக்டருக்கு போன் பண்ணுங்க, பூனைக்குன்னு வலி மருந்து இருக்கு, ஈறு ஓரமா சொட்டு விடற புப்ரினார்ஃபின்கூட இருக்கு. ஸ்டீராய்டு எழுதினா "இதுக்கு சுகர் இருக்கு"ன்னு ஞாபகப்படுத்துங்க, அது சுகரை ஏத்தும். கிளின்டமைசின், டாக்ஸிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாடிக் மாத்திரை குடுத்தா பின்னாலயே சிரிஞ்ச்ல கொஞ்சம் தண்ணி விடுங்க, தொண்டைக்குழாய்ல ஒட்டிக்கிச்சுன்னா புண்ணாகிடும்.

கேள்வி: சாப்பிடவே மாட்டேங்குது அக்கா. ஊசி நேரம் வந்துடுச்சு.

பதில்: முதல்ல சாப்பாடு, அப்புறம்தான் ஊசி. சாப்பிடலைன்னா முழு டோஸ் போடாதீங்க, மீட்டர் பாத்து டாக்டரைக் கேளுங்க. அதுக்காக நாள் கணக்கா நிறுத்தியும் வைக்காதீங்க, கீட்டோன் ஏறிடும். இந்த ரெண்டு நாளைக்கு கார்ப் (மாவுச்சத்து) கணக்கெல்லாம் ஓரமா வச்சிட்டு, எது எறங்குதோ அதைக் குடுங்க. உப்பு, மஞ்சள், வெங்காயம், பூண்டு எதுவும் போடாம வேக வச்ச சிக்கனை அந்தத் தண்ணியோடவே மிக்ஸில அடிச்சு வெதுவெதுன்னு வைங்க. மத்தி மீன் வாசனைக்கு கருப்பாயி செத்தாலும் எழுந்து வருவா. ஒரு நாள் முழுக்க ஒண்ணும் எறங்கலைன்னா காத்திருக்காதீங்க, குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் பட்டினி கெடந்தா ஈரல்ல கொழுப்பு சேந்துடும்.

கேள்வி: நல்லபடியா முடிஞ்சுது, ஒரு வாரம் ஆச்சு, நல்லா சாப்பிடுது. இனிமே பயமில்லையே?

பதில்: பயமே இப்பதான். முதல் தடவை நானும் இப்படித்தான் நிம்மதியா பழைய 3 யூனிட்டையே போட்டுக்கிட்டு இருந்தேன், நல்லா சாப்பிடறாளேன்னு மீட்டரும் சரியா பாக்கல. ஆறாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதோ விழுந்த சத்தம். லைட் போட்டா கருப்பாயி குடிச்சவன் மாதிரி தள்ளாடிக்கிட்டு சுவத்துல மோதறா, குத்திப் பாத்தா சுகர் வெறும் 38. கை நடுங்க ஈறுல தேன் தடவினேன், தடவணும் அவ்ளோதான், வாய்க்குள்ள ஊத்தக்கூடாது, மூச்சுக்குழாய்க்குப் போயிடும். கொஞ்சம் முழிச்சதும் சாப்பாடு வச்சிட்டு, கால் மணிக்கு ஒரு தடவை குத்திப் பாத்துக்கிட்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சீழ் போனதும் உடம்பு இன்சுலினுக்கு மறுபடி கட்டுப்பட ஆரம்பிச்சிடுச்சு, பழைய டோஸ் அவளுக்கு ரொம்ப ஜாஸ்தி ஆயிடுச்சு, நான்தான் கவனிக்கல. அதுக்கப்புறம் டாக்டர் ஒண்ணரைக்குக் கொறைச்சார். சில பூனைக்கு ஊசியே தேவைப்படாமக்கூட போகும். அதனால ஒரு மாசத்துக்கு ஒவ்வொரு ஊசிக்கும் முன்னாடி மீட்டர், நடுவுல ஒரு தடவையும் பாருங்க. முடிஞ்சா தோள்ல ஒட்டி சுகரைத் தொடர்ந்து காட்டற லிப்ரே சென்சார் போட்டுக்கோங்க, பூனைங்களுக்கும் போடறாங்க.

கேள்வி: நாங்க நியூ ஜெர்சில இருக்கோம். எங்க பூனைக்கு ஊசி இல்ல, தினம் பெக்ஸாகேட் மாத்திரை. இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பதில்: உங்க கணக்கு வேற. 2022 டிசம்பர்ல அமெரிக்கால அனுமதி குடுத்த மருந்து அது, சுகரை யூரின் வழியா வெளிய தள்ளும். இதுல மீட்டர் நார்மலா காட்டும்போதே உள்ள கீட்டோன் ஏறலாம், அதுவும் பட்டினி கெடந்தா இன்னும் சுலபமா. ஆபரேஷனுக்கு எத்தன நாள் முன்னாடி நிறுத்தணும்னு தேதி குறிக்கும்போதே கேட்டுடுங்க. அப்புறம் சோர்ந்து படுத்தா, சாப்பிடலைன்னா, சுகர் நம்பரைப் பாத்து ஏமாறாம கீட்டோன் டெஸ்ட் கேளுங்க.

கேள்வி: மயக்கம் இல்லாமலே பல் சுத்தம் பண்றாங்களாமே, அது சேஃப்தானே?

பதில்: மேல இருக்கிற கறை போகும், பாக்க வெள்ளையா இருக்கும். வியாதி ஈறுக்குக் கீழ இருக்கு, அங்க முழிச்சிருக்கிற பூனை கை வைக்க விடுமா?

கேள்வி: எல்லாப் பல்லும் போயிட்டா எப்படி சாப்பிடும்?

பதில்: ஈறு ஆறினதும் ஜோரா சாப்பிடும், வலியோட இருந்த பல்லுக்கு பல்லே இல்லாதது எவ்வளவோ மேல். கருப்பாயிக்கு இப்ப கோரைப்பல் ஒண்ணுகூட இல்ல. நேத்துகூட ஒரு பல்லியைக் கவ்விக்கிட்டு வந்து என் தலகாணில வச்சா, அது உயிரோட எழுந்து ஓடிடுச்சு.