தாத்தாவின் டிரங்குப் பெட்டி: விலை பேசும் முன்

அஸ்தம்பட்டி வாசகர் ஒருவர் நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான்: அம்மாவின் அப்பா விமானப்படையில் ஃபிட்டர். தாம்பரத்திலும் சூலூரிலும் வேலை பார்த்து, ஓய்வுக்குப் பின் ஏற்காடு நாகலூரில் குடியேறியவர். உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். பாட்டி முன்பே தவறிவிட்டார். கடைசிவரை தாத்தாவைப் பார்த்துக்கொண்டது இந்தப் பேரன்; தாய்மாமன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாகலூர் வீட்டு டிரங்குப் பெட்டியில் விமான உயரமானி, தொப்பி வில்லை, வேலைக் குறிப்பேடு, இரண்டு தோட்டாக்கள். பெங்களூரு சேகரிப்பாளர் ஒருவர் 4 லட்சம் பேசி 25,000 முன்பணம் கொடுத்துவிட்டார். மாமா வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். மாமா மீது வழக்குப் போடலாமா, சரியான மதிப்பு எவ்வளவு என்பது கேள்வி.

நீங்கள் தாத்தாவைப் பார்த்துக்கொண்டது பெரிய காரியம். ஆனால் அது பங்காக மாறாது. உயில் இல்லாததால் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் மாமாவுக்கும் சரிபாதி. அம்மா இருக்கும்வரை அந்தப் பெட்டியில் ஒரு ஆணிகூட உங்களுடையது அல்ல. நீங்கள் முன்பணம் வாங்கியது அடுத்தவர் பொருளுக்கு. மாமா வந்தாரா, வரவில்லையா, கருமாதிக்கு யார் செலவு செய்தார்கள் என்பதெல்லாம் இதில் எடுபடாது. வழக்கு வேண்டாம்.

நோட்டீஸைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் அனுப்பிய வாட்ஸ்அப் பக்கங்கள். "தாத்தா பர்மா போரில் பறந்த விமானத்தில் இருந்தது, நூறு சதவீதம் ஒரிஜினல்" என்று உயரமானியைப் பற்றிச் சேகரிப்பாளருக்கு எழுதியிருக்கிறீர்கள். நீங்களே இணைத்துள்ள பணிச் சான்றில் தாத்தா சேர்ந்த ஆண்டு 1946. பர்மா போர் நடந்த இரண்டாம் உலகப் போர் 1945 ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. தொப்பி வில்லையில் ஆர்.ஐ.ஏ.எஃப். (ராயல் இந்தியன் ஏர்ஃபோர்ஸ்) என்று இருக்கிறது. 'ராயல்' என்ற அடைமொழி நம் விமானப்படைக்கு 1945இல் வந்து 1950இல் போனது. தாத்தாவின் சர்வீஸோடு அது பொருந்துகிறது, பர்மாவோடு அல்ல. உயரமானியின் பின்புறம் கிரீடமும் ஏ.எம். என்ற எழுத்தும் இருப்பதைப் பெரிய ஆதாரமாகச் சொல்கிறீர்கள். அது பிரிட்டிஷ் விமான அமைச்சகத்தின் முத்திரை. பொருள் யாருடைய கிடங்குக்குப் போனது என்று காட்டுமே தவிர, எந்த விமானத்தில் பறந்தது என்று காட்டாது. போருக்குப் பின் இப்படிப்பட்ட உபரிச் சாமான்கள் ஏராளமாக விற்பனைக்கு வந்தன.

ஆக, அந்த 4 லட்சத்தில் பெரும்பங்கு பர்மாக் கதைக்கான விலை. கதை பொய் என்று தெரிந்தால் வாங்கியவர் சும்மா இருக்கமாட்டார். சொன்ன விவரப்படி பொருள் இல்லையென்றால் 1930ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டப்படி பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதோடு நிற்பதில்லை, ஏமாற்றிவிட்டதாகப் போலீஸுக்கும் போவார்கள். பழைய சாமான் விற்றவர்கள் என்னிடம் வருவது இந்தக் கட்டத்தில்தான். பொருள் பெரும்பாலும் நிஜமாகவே பழசு; அவர்களைச் சிக்கவைப்பது விற்கும் ஆர்வத்தில் தட்டிய இரண்டு வரி.

அடுத்தது தோட்டா. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றின் அடியில், துப்பாக்கி ஊசி தட்டும் கேப்பில் பள்ளம் விழுந்திருக்கிறது, சுட்டு முடித்த வெறும் கூடு. மற்றொன்றில் பள்ளம் இல்லை, முனையில் குண்டும் இருக்கிறது; இன்னும் சுடாத தோட்டா என்றே கொள்ள வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் அதை வைத்திருப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். பெட்டியில் இருந்தது தெரியாது என்று சொல்லித் தப்பியவர்கள் உண்டு. படம் எடுத்து விலை கேட்ட பிறகு அந்த வாதம் உங்களுக்கு இல்லை. தொடாதீர்கள், மலையிறங்கும் பஸ்ஸில் எடுத்து வராதீர்கள். வக்கீல் மூலம் ஏற்காடு போலீஸுக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களே வந்து எடுக்கட்டும். மெசேஜை அழிக்கவும் வேண்டாம். எதிர்ப்பக்க போனில் அது இருக்கும், அழித்த செயலும் உங்களுக்கு எதிராகவே பேசும்.

குறிப்பேட்டை லண்டனுக்கு அனுப்பப்போவதாகச் சேகரிப்பாளர் எழுதியிருக்கிறார். அதன் முதல் தேதி 1947. வரலாற்று மதிப்புள்ள ஆவணம் 75 ஆண்டு தாண்டினால் 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. தண்டனை 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை. "அரிய வரலாற்று ஆவணம்" என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உயரமானி முள்ளில் பழுப்பேறி உதிரும் பூச்சு கதிர்வீச்சு உள்ள ரேடியமாக இருக்க வாய்ப்பு அதிகம். கண்ணாடியைக் கழற்றாதீர்கள், துடைக்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் அறையில் வைக்காதீர்கள்.

சரி, என்ன செய்வது? 25,000ஐ வங்கி வழியாகவே திருப்பி அனுப்புங்கள். கூடவே, பொருள் என் அம்மாவுக்கும் மாமாவுக்கும் சொந்தம், பர்மா பற்றி நான் சொன்னது சரியல்ல, விற்பனை இல்லை என்று ஒரு மெசேஜ். அப்புறம் அம்மாவை அழைத்துக்கொண்டு மாமாவிடம் போங்கள். யாருக்கு எது என்று பட்டியல் போட்டு அம்மாவும் மாமாவும் கையெழுத்திடட்டும். குறிப்பேடு யாரிடம் இருந்தாலும் மற்றவருக்கு நகல். கதையைக் கழித்தால் நிற்கும் விலை, சேலம் கோர்ட்டில் ஒரு பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் செலவுக்குக்கூடக் காணாது. மாமா உயரமானியைத்தான் கேட்கிறார் என்றால் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸுக்குப் பதில் உங்கள் பெயரில் போக வேண்டாம், அம்மா பெயரில் போகட்டும். நோட்டீஸில் கெடு போட்டிருக்கிறது, இந்த வாரமே அனுப்புங்கள்.