முடிசூடிய கங்காணி

கேள்வி: அமெரிக்க ரயில் பாதைகளைச் சீனரும் ஐரிஷ்காரரும் போட்டதாகத்தான் படித்திருக்கிறேன். இத்தாலியரும் போட்டார்களா? சொந்த நாட்டுத் தரகனிடமே பணம் கட்டி ஏமாந்தார்களாமே, அறியாமைதானே காரணம்?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் படித்தது 1869 மே 10 வரைக்கும் சரி. அன்று யூட்டா மாநிலப் பகுதியில், நாட்டின் கிழக்கையும் மேற்கையும் இணைக்க இரு பக்கமிருந்தும் போட்டுவந்த இரண்டு பாதைகள் சேர்ந்தன; மேற்கிலிருந்து வந்ததில் சீனர் உழைப்பு, கிழக்கிலிருந்து வந்ததில் ஐரிஷ்காரர் உழைப்பு அதிகம். ஆனால் சேர்ந்த இடத்தில் தங்க ஆணி அடித்துப் படம் எடுத்துக்கொண்டதோடு ரயில் பாதை முடிந்துவிடுமா? கட்டை உளுத்துப்போகும், ஜல்லி சரியும், பனி மூடும். கிளைப் பாதைகள் வேண்டும். 1882இல் சட்டம் போட்டுச் சீனத் தொழிலாளர் வருகையைத் தடுத்தார்கள். தென் இத்தாலியிலிருந்து கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்து இறங்கிய காலமும் அதுதான். கடப்பாரையும் மண்வெட்டியும் அவர்கள் கைக்குப் போயின. இந்த வேலையைப் படம் எடுக்க யாரும் வரவில்லை.

அடுத்து, உங்கள் ‘அறியாமை’. அந்தத் தரகனுக்கு இத்தாலியர் வைத்த பெயர் ‘பட்ரோனே’. கங்காணி என்றால் நமக்குச் சட்டென்று புரியும். வேலை பிடித்துத் தருபவன் அவன், கங்காணியைப்போலவே. அவனே மொழிபெயர்ப்பாளன், கப்பல் டிக்கெட் விற்பவன், ஊருக்குப் பணம் அனுப்பும் வங்கிக்காரன். வனாந்தரத்தில் கூட்ஸ் பெட்டிக்குள் படுத்துக் கிடப்பவர்களுக்கு ரொட்டியும் மீன் டின்னும் விற்பவனும் பல இடங்களில் அவன்தான். அதற்கான காசு கூலியிலேயே கழிந்துவிடும்.

கனடாவின் மான்ட்ரியல் நகரில் அன்டோனியோ கோர்டாஸ்கோ என்று ஒருவர் இருந்தார். 1901இல் கனேடியன் பசிபிக் ரயில்வேயின் பாதைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை உடைக்க இத்தாலியர்களைத் திரட்டிக் கொடுத்தவர். விசுவாசத்துக்குப் பரிசாக, அந்த நிறுவனத்துக்கு இத்தாலியத் தொழிலாளர் வேண்டுமென்றால் அவர் வழியாகத்தான் என்றாயிற்று. 1904 தொடக்கத்தில் நகரத் தெருக்களில் ஊர்வலம். ‘இத்தாலியத் தொழிலாளர்களின் அரசர்’ என்று அவருக்குக் கிரீடமே சூட்டினார்கள். கிரீடச் செலவு யார் தலையில் விடிந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வேலைக்குப் பெயர் பதிய ஒரு கூலியாள் 3 டாலர், மேஸ்திரி 10 டாலர் கட்ட வேண்டும். கூலியோ நாளுக்கு ஒன்றரை டாலர் அளவில்தான்.

அந்த வசந்த காலத்தில் வேலை தொடங்கத் தாமதமாயிற்று. பணம் கட்டிவிட்டு ஆயிரக்கணக்கானோர் மான்ட்ரியலில் வேலையில்லாமல் நின்றார்கள். கூச்சல் பெரிதாகவே, அதே ஆண்டு அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. கோர்டாஸ்கோவின் கணக்குப் புத்தகங்கள் வெளியே வந்தன, மானமும் போயிற்று. நல்லது, போகட்டும். ஆனால் ஆள் பிடிக்கும் உரிமையை அவர் ஒருவரிடமே கொடுத்து வைத்திருந்தது யார்? ரயில்வேதான். ஆயிரம் பேரிடம் தனித்தனியே பேச வேண்டாம், அவர்கள் மொழி தெரிய வேண்டாம், ஏமாற்றினான் என்று புகார் வந்தால் ‘அது அவர்களுக்குள் உள்ள விவகாரம்’ என்று கையைக் கழுவிக்கொள்ளலாம். இத்தனை வசதியையும் தந்த ஆளை அது எதற்காக விலக்கும்?

அமெரிக்காவிலும் இதே கதைதான். வெளிநாட்டிலேயே ஒப்பந்தம் போட்டுத் தொழிலாளர்களைக் கொண்டுவருவதை 1885இல் சட்டம் தடை செய்தது. தரகர்கள் கப்பல் துறைக்கு வெளியே கடை போட்டார்கள், கரை இறங்கியவுடன் பேரம். சட்டமும் மீறப்படவில்லை, தரகும் நிற்கவில்லை.

இத்தாலியர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். பலர் நாலைந்து பருவம் உழைத்துப் பணம் சேர்த்து ஊர் திரும்பி நிலம் வாங்கியவர்கள். தரகன் தின்பது போக எவ்வளவு மிஞ்சும் என்று தெரிந்தேதான் பணம் கட்டினார்கள். கட்டாதவன் மான்ட்ரியலில் அந்த ரயில்வே வேலைக்கு வேறு எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும் என்பதை அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.