தாத்தாவின் கடிகாரச் சங்கிலியில் ஒரு சிவப்புக் கல்

கேள்வி: அக்கா, வணக்கம். எங்கள் தாத்தா தோட்டத்தில் கிராணியாக இருந்தவர். அவருடைய பெட்டியில் பாக்கெட் கடிகாரச் சங்கிலியோடு, கட்டைவிரல் நகம் அளவு சிவப்புக் கல் பதித்த குமிழ் ஒன்று கிடைத்தது. கல்லின் அடியில் எழுத்துகள் இடவலம் மாறி வெட்டியிருக்கின்றன. நகைக்கடையில், உருக்கிக் கம்மல் செய்யலாம் என்கிறார்கள். செய்யலாமா? (வாசகி, பட்டர்வொர்த்)

பதில்: உருக்க வேண்டாம், தங்கச்சி. அது கடிதங்களுக்கு அரக்கு முத்திரை வைக்கும் கல். அரக்கில் அழுத்தினால் எழுத்து நேராக விழ வேண்டும் என்றுதான் மாற்றி வெட்டியிருக்கிறார்கள். பிள்ளைகளின் களிமண்ணில் மெதுவாக அழுத்திப் பாருங்கள், யாருடைய பெயரெழுத்து என்று தெரிந்துவிடும். தாத்தாவுடையதாக இல்லாவிட்டால், ஏதோ ஒரு துரை கொடுத்துவிட்டுப் போனதாகவும் இருக்கலாம், வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் வசதியான ஆண்கள் இதை இடுப்பருகே தொங்கவிட்டு நடப்பார்கள், சிலர் ஒன்றுக்கு இரண்டு மூன்றாகக்கூட மாட்டிக்கொள்வார்கள், கடிதத்துக்கு முத்திரை வைக்கும் அளவுக்குப் பெரிய மனிதர் என்று பார்த்ததும் தெரியும். பசை தடவிய உறை வந்த பிறகும், வெறும் அழகுக்காகவே சங்கிலியில் மாட்டினார்கள். நம்மூர்ப் பழைய படங்களில் வெள்ளைக் கோட்டில் தெரியும் கடிகாரச் சங்கிலிக்கும் அதே கௌரவம்தான்.

உங்கள் சிவப்புக் கல் சூதுபவளமாக (கார்னீலியன்) இருக்கலாம். தமிழ்நாட்டில் கீழடி, கொடுமணல் அகழாய்வுகளில் மணிகளாகக் கிடைத்த அதே கல், சூடான அரக்கு அதில் சுலபமாக ஒட்டாது என்பதால்தான் முத்திரைக்கு அதை விரும்பினார்கள். பூதக்கண்ணாடியில் உள்ளே காற்றுக் குமிழி தெரிந்தால் கண்ணாடி. மேலே வளையத்தில் 15 என்று தர முத்திரை குத்தியிருந்தால் 15 காரட் தங்கம், பிரிட்டனில் 1854 முதல் 1932 வரைதான் அந்தத் தரம் இருந்தது. தர முத்திரையே இல்லையென்றால் செம்பும் துத்தநாகமும் கலந்த பின்ச்பெக்காகவோ, தங்கத் தகடு போர்த்தியதாகவோ இருக்கலாம், அதை உருக்கினால் கையில் என்ன மிஞ்சும்?

போட்டுக்கொள்ள ஆசையாக இருந்தால், இருக்கும் வளையத்திலேயே ஒரு மெல்லிய சங்கிலியைக் கோத்துப் பதக்கமாகப் போடுங்கள். பற்றவைக்க விடாதீர்கள், சூட்டில் கல் விரிசல் விடும். தண்ணீரிலும் ஊறவைக்காதீர்கள், கண்ணாடியாக இருந்து பின்னால் தகடு வைத்திருந்தால் கறுத்துப் போகும். உலர்ந்த மெல்லிய துணி போதும்.

கேள்வி: பினாங்கு லோரோங் கூலிட் சந்தையில் இதுபோல வாங்கலாமா? (வாசகர், ஜார்ஜ்டவுன்)

பதில்: வாங்கலாம், அவசரப்படாமல். உண்மையில் பழையது என்றால் விளிம்பும் வளையமும் தேய்ந்திருக்கும். எல்லாம் ஒரே பளபளப்பாக இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.